காப்பிக்கொட்டை எங்கே?

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்று பட்டப்பெயர். பக்கத்து சீட்டிலிருந்து அவள் ஒரு சத்தம் போட்டால் எதிரே வரும் லாரிக்காரனும் நின்றுவிடுவான் என்பார்கள். அப்படிப்பட்டவளைச் சுற்றி இப்போது எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள்.

வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருந்து ஏறினால் எந்த வாசனையும் குமட்டியது. அதனால் அவள் கணவன் வீட்டிலிருந்த வாசனைகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினான். சோப்பு மாறியது. வதக்கலும் வறுவலும் நின்றன. ஒத்தாசைக்கு வந்து தங்கிய அவனுடைய அக்கா கஞ்சியைத் தவிர எதையும் அடுப்பில் ஏற்றவில்லை.

அன்று காலை தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. சமையலறைக்குப் போய் மேல் அலமாரியைத் திறந்தாள். பச்சைக் காப்பிக்கொட்டைப் பையைக் காணோம். உடம்பு நன்றாக இருந்தவரை வாராவாரம் அவளே வீட்டில் வறுத்துக்கொள்வாள். மெஷின் எல்லாம் கிடையாது. இரும்புச் சட்டி, மரக்கரண்டி, ஆற்றுவதற்கு இரண்டு சல்லடை, அவ்வளவுதான்.

“காப்பிக்கொட்டை எங்கே, அண்ணி?”

“அது எதுக்கும்மா இப்போ? கீழ் வீட்டுக்குக் கொடுத்தாச்சு. தம்பிதான் கொடுக்கச் சொன்னான்.”

“கீழ் வீட்டுக்கா? அவங்க டீ குடிக்கிறவங்களாச்சே!”

பால் பாக்கெட்டோடு கணவன் உள்ளே வந்தான். “வறுக்கிற வாடை உனக்கு ஆகாதேன்னுதான்...”

“ஆகாதுன்னு என்னைக் கேட்டீங்களா? தெருமுனைக் கடையில திருட்டுத்தனமா காப்பி குடிச்சுட்டு ஏலக்காயை மென்னுக்கிட்டு வர்றீங்க. எனக்கு மூக்கு இல்லைன்னு நினைப்பா? இப்பதான் அது நாய் மூக்கு மாதிரி வேலை செய்யுது!”

தலையில் துணிகூடக் கட்டாமல் கீழே இறங்கினாள். மொட்டைத் தலையோடு அவளைப் பார்த்த கீழ் வீட்டுக்காரி உடனே பையை எடுத்து நீட்டினாள்.

சட்டி காய்ந்தது. கொட்டையைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தாள். முதலில் ஈரப் புல் வாடை. பல்லைக் கடித்துக்கொண்டாள். கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கியபோது புகை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

கணவன் கரண்டியை எடுக்கப் போனான்.

“தொடாதீங்க!” உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“கருகுதும்மா!”

“கருகட்டும்! என் சட்டியில கை வைக்காதீங்க!”

அவள் வாந்தியெடுக்கும் சத்தத்தையும் கொட்டை வெடிக்கும் சத்தத்தையும் கேட்டபடி அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அடுப்பை அணைக்கவும் பயம்.

முகம் கழுவாமலே திரும்பி வந்தாள். சட்டியைச் சல்லடையில் கவிழ்த்து, ஃபேன் முன்னால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிக் கொட்டினாள். பறந்த தோலெல்லாம் நாத்தனார் தலையில் போய் ஒட்டியது. பாதிக் கொட்டை கரி. ஆறியும் ஆறாமலும் மிக்ஸியில் போட்டு அரைத்து, கொதிநீர் ஊற்றித் துணியில் வடிகட்டி, கணவன் முன்னால் டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

“குடிங்க. என் கண்ணு முன்னால குடிங்க.”

ஒரு வாய் குடித்தான். “நல்லா இருக்கு.”

அவள் மேசையில் அறைந்த அறையில் டம்ளர் குதித்தது. “பொய்! இதுலயும் பொய்யா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கருகிடுச்சு. வாயில வைக்க முடியல.”

“சரி. இதே மாதிரி அதையும் சொல்லுங்க. போன தடவை என்னை வெளியே உட்கார வெச்சுட்டு டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“தம்பி, வேணாம்டா,” என்றாள் அக்கா.

“அண்ணி, இது என் வயிறு.”

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மருந்து எதிர்பார்த்த அளவுக்குக் கேட்கலையாம். வேற மருந்துக்கு மாத்தணுமாம். அதுவும் கேட்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு.”

“அதனாலதான் தினமும் ‘எல்லாம் நல்லாப் போகுது’ன்னு சொன்னீங்களா? நானும் மண்டையை மண்டையை ஆட்டிட்டு இருந்தேனே!”

“எனக்குப் பயமா இருந்துச்சு.” அவன் அழுதுவிட்டான்.

“எனக்கும்தாங்க பயமா இருக்கு. என்னை ஒழுங்காப் பயப்படக்கூட விட மாட்டேங்கிறீங்களே!” மிச்சக் காப்பியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

அடுத்த தடவை அவள்தான் முதலில் டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். டாக்டர் பழக்கதோஷத்தில் கணவனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“டாக்டர், இந்தப் பக்கம்,” என்றாள்.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, புது மருந்தைப் பற்றி அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றையும் விடாமல் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழறதா இருந்தா வெங்காயம் உரிச்சுக்கிட்டே அழுங்க, அண்ணி. இனிமே இந்த வீட்டுல சமைக்கணும்.”

கணவனோடு மட்டும் அந்த வாரம் முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.