கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில்

அமெரிக்காவின் நெப்ராஸ்காப் புல்வெளியில் ஒரே மண்வீட்டில் இரண்டு குடித்தனம் நடந்தது. நடுவில் சுவர் கிடையாது. தரையில் ஒரு கோடு. இந்தப் பக்கம் லெமுவேலின் கட்டில், அந்தப் பக்கம் சிக்ரிட்டின் கட்டில். அவன் நிலமும் அவள் நிலமும் அந்தக் கோட்டில்தான் முட்டிக்கொண்டன. சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் நூற்றறுபது ஏக்கரில் ஐந்து வருஷம் குடியிருந்து உழுது காட்டினால்தான் பட்டா. ஆளுக்கொரு வீடு கட்ட அங்கே மரமா கொட்டிக் கிடக்கிறது? எல்லைமேல் ஒரே வீடாகக் கட்டி, அவரவர் மண்ணில் அவரவர் படுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்தான். யாரும் அதைத் தப்பாகப் பேசவில்லை, சிக்ரிட்டின் நிலத்தின்மேல் கண் வைத்திருந்த பர்டியைத் தவிர.

லெமுவேல் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட போரில் நாலு வருஷம் குதிரைப்படை சார்ஜென்ட். படையில் இருந்த காலத்தையும் குடியிருந்த காலமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்ததால், ஒரே வருஷத்தில் அவனுக்குப் பட்டா வந்துவிட்டது. வர்ஜீனியாவில் குதிரைமேல் கழித்த நாலு வருஷமும் இந்த நிலத்தில் வாழ்ந்ததாகக் காகிதத்தில் ஏறிவிட்டது. சட்டம் எழுதியவன் எழுதிவிட்டுப் போய்விட்டான். பாவம், லெமுவேலின் கனவு அதை அப்படியே நம்பிவிட்டது. கண்ணை மூடினால், குண்டடி பட்டுச் செத்த குதிரைகளெல்லாம் அவன் ஓடையில் இறங்கி நிதானமாகத் தண்ணீர் குடிக்கும். அவன் புதைத்துவிட்டு வந்த தோழர்கள் சேணத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவன் சோளக்காட்டில் படுத்திருப்பார்கள். யார் மேலும் ரத்தம் இருக்காது. காற்றில் புல் சாய்ந்து சாய்ந்து எழும். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காவலுக்கு யாரை நிறுத்தினோம் என்பது மட்டும் ஞாபகம் வராது. தூக்கத்திலேயே பதறிப்போய்க் கேட்பான்.

"காவல்ல யாரு?"

"நான் இருக்கேன், சார்ஜென்ட். குதிரைக்கெல்லாம் தண்ணி காட்டியாச்சு. தூங்குங்க."

கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிக்ரிட் சொல்வாள். நார்வேயிலிருந்து வந்தவள், வரும் வழியில் கப்பலிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அந்தக் குரல் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் கூடும். பட்டா வாங்கியவன் நிலத்தை விற்றுவிட்டு எங்கேயாவது போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று ஊருக்கே தெரியும். கல்யாணம் செய்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நிலம்தான் என்பார்கள், அவள் பாடுபட்டதெல்லாம் மண்ணாகப் போகும் என்று நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

அவளுடைய ஐந்து வருஷமும் முடிந்தது. பட்டா ஆபீசில் அவளுக்கு லெமுவேல்தான் முக்கிய சாட்சி. வீட்டில் ஜன்னல் இருந்தால்தான் பட்டா என்பதால், ஒரே ஜன்னலை வீடு வீடாக மாட்டிக் காட்டி ஊரே பட்டா வாங்கியபோது, அந்த வீடுகளில் ஜன்னல் உண்டென்று சத்தியம் செய்ய மாட்டேன் என்று பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவன். அவன் சொன்னால் எடுபடும். அது பர்டிக்கும் தெரியும். இவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறார்கள், அவளுக்குத் தனி நிலம் கிடையாது என்று முன்கூட்டியே மனு கொடுத்திருந்தான்.

அதிகாரி சிக்ரிட்டிடம் எத்தனை ஏக்கர் உழுதாள், கிணறு எத்தனை அடி என்று கேட்டதோடு சரி. பிறகு லெமுவேலைப் பைபிள்மேல் கை வைக்கச் சொன்னார். இருவரும் தம்பதியா என்று கேட்டார். இல்லை என்றான், அது உண்மை.

"கட்டிக்கிற எண்ணம் ஏதாவது உண்டா?"

பட்டப்பகலில் லெமுவேலுக்கு அந்த அறைக்குள் ஈரக் குதிரை வாசம் அடித்தது. கனவில் வரும் தோழர்கள் சுவரோரமாக வந்து நின்று, இவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தார்கள். போரில்கூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

"இல்லை," என்றான். "அப்படி எண்ணம் எனக்கு இல்லை."

அதிகாரி எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். பர்டி எழுந்து போனான். சிக்ரிட்டின் முகத்தைத் திரும்பிப் பார்க்க லெமுவேலுக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது அவள்தான் வண்டி ஓட்டினாள். ஊர் கண்ணுக்கு மறைந்தது. அந்தி வெயிலில் புல்வெளி மொத்தமும் மிதப்பதுபோல் இருந்தது. திடீரென்று கடிவாளத்தை இழுத்து நிறுத்தினாள்.

"அங்க சொன்னது பொய்தானே, சார்ஜென்ட்?"

"பைபிள் மேல கை வெச்சுச் சொல்லிட்டேன், சிக்ரிட்," என்றான். மீசை நடுங்கியது. "இனிமே உங்கள கேக்க எனக்கு வாய் இல்ல."

"அந்த ஆள் என்கிட்ட கிணத்து ஆழம்தான் கேட்டான். கட்டிக்கிற எண்ணம் உண்டான்னு கேக்கவே இல்ல. கேட்டிருந்தா உண்டுன்னு சொல்லி, நிலத்த விட்டுட்டு வந்திருப்பேன்." பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப நான் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ஐம்பது வயது ஆம்பிளை, அத்தனை பெரிய மீசையோடு, வண்டியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். அழுதுகொண்டே தலையை ஆட்டினான். அது சரி என்று ஆட்டியதுதானா என்று அவள் இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டுதான் குதிரையைத் தட்டிவிட்டாள்.