அமலாவின் காரில் லடாக் குளிர்

திண்டிவனத்தில் அமலாவின் காரில் ஹீட்டரைப் போட்டால் லடாக்கின் குளிர் வரும். அங்கே அவள் கணவன் பிரான்சிஸ் ஓட்டும் புல்டோசருக்குள் திண்டிவனத்து வெயில் போகும். சாலையில் விழும் பனியைத் தள்ளுகிற வேலைக்கு அவன் போன முதல் மார்கழியில் இது ஆரம்பித்தது. விரல் மரத்துக் கியரைப் பிடிக்க முடியவில்லை என்று அன்று போனில் சொன்னான். தையற்கடையைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறிய அமலா, அதுவரை யாரும் தொடாத சிவப்புப் பக்கத்துக்குக் குமிழைத் திருப்பினாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. பல் கிட்டும் குளிர் முகத்தில் அடித்தது. அதில் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையும் பிரான்சிஸின் கழுத்து வாசனையும் இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "அமலா, வண்டிக்குள்ள திடீர்னு அனலடிக்குது. யாரோ கடலை வறுக்கிற வாசனை வேற, நம்மூரு மல்லாட்டை. அழுகையா வருது."

அதிலிருந்து சாயங்காலமானால் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அக்னி நட்சத்திரத்திலும் அந்தக் காருக்குள் சால்வை வேண்டியிருந்தது. தெரு பழகிக்கொண்டது. எதிர்வீட்டு வெள்ளையம்மாள் தன் சர்க்கரைக்கான ஊசி மருந்தைப் பின்சீட்டில் வைத்தாள். பூக்காரிகள் விற்காத மல்லியைக் கொண்டுவந்து போட்டார்கள். பங்குச் சாமியார் வந்து காரை மந்திரித்துவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு போனார். பிரான்சிஸ் வருஷத்துக்கு ஒருமுறை வந்தான். அந்த நாட்களில் ஹீட்டரை யாரும் நினைப்பதில்லை. அவன் ரயிலேறியதும் அமலா மறுபடி காருக்குப் போவாள். தொட முடியாத மனிதனை மூக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் தை மாதம் காற்று நின்றது. குமிழை எந்த எண்ணில் வைத்தாலும் சத்தமில்லை. மறுநாள் காலை போன் வந்தது. பாதை மூடிவிட்டது, கூடாரத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, எல்லாரும் புல்டோசருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம் என்றான் பிரான்சிஸ். "ஹீட்டர் போட்டியா?" என்று கேட்டதோடு தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் மணியே அடிக்கவில்லை. அமலா நேரே விழுப்புரத்துக்கு, வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கண்ணையனிடம் காரை விட்டாள்.

"ஹீட்டரா? நம்ம ஊர்ல அதை யாரும்மா போடுறாங்க?"

"எனக்கு இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு. லடாக்ல இருக்காரு. ஜல்தியா பாருங்க."

கண்ணையன் பானெட்டைத் திறந்தான். ப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான், நன்றாக இருந்தது. ரிலே டக்கென்று சொன்னது. டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, மோட்டாருக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லேம்பை வைத்தான், பளிச்சென்று எரிந்தது. "கரண்டு வர்து. மோட்டார்தான் பேஜாரு பண்ணுது" என்று கழற்றினான். விசிறிக் கூடு முழுக்கப் பனி இறுகியிருந்தது. அதை ஸ்பூனால் சுரண்டி ஒரு பக்கெட்டில் போட்டான். பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டு வாங்கிப்போனார். பனி போன பின்னும் மோட்டார் சுற்றவில்லை. உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்து மொட்டையாகியிருந்தது.

புது மோட்டாரே போட்டுவிடலாம் என்று போட்டான். ஜோராகச் சுற்றியது. சுடச்சுடக் காற்று வந்தது, விழுப்புரம் புழுதி வாசனையோடு. அமலா சற்று நேரம் முகத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு அணைத்தாள்.

"இது வெறும் காத்துண்ணே. அவரு இல்ல."

கண்ணையன் பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த அளவில் கார்பன் எங்கும் இல்லை. வேறொரு வண்டியின் ஸ்டார்ட்டர் கார்பனை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்தான். அமலா போனை அழுத்திக்கொண்டே நின்றாள். பூட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டபோது மோட்டார் முனகிக்கொண்டு சுற்றியது. முதலில் சூடுதான் வந்தது. அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. மெல்ல மெல்லச் சூடு மெலிந்தது. பிறகு குளிர் வந்தது. நனைந்த கம்பளி, பீடிப் புகை, பல ஆண்களின் மூச்சு, நடுவில் அந்தக் கழுத்து வாசனை. யாரோ இருமினார்கள். கண்ணையன் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு, "இருக்காரும்மா" என்றான். அமலா அங்கேயே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள்.

ஊருக்குத் திரும்பியும் எஞ்சினை அணைக்கவில்லை. பெட்ரோல் போடும்போது மட்டும் நிறுத்தினாள். பாதை திறந்த பிறகு பிரான்சிஸ் பேசினான். "ஒரு பகல் முழுக்க நீ எங்க போயிருந்த?" என்றுதான் முதலில் கேட்டான். யாரும் சாகவில்லை. அவனுக்கு மட்டும் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

சித்திரையில் வேலையை விட்டே வந்துவிட்டான். வந்த அன்று சாயங்காலம் இருவரும் காரில் உட்கார்ந்தார்கள். அவன்தான் குமிழைத் திருப்பினான், சும்மா பார்க்க. குளிர் சுரீரென்று அடித்தது. அமலா பயந்துபோய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை கதகதப்பாகத்தான் இருந்தது. குளிரில் கடுகெண்ணெய் வாசனை வந்தது.

பிரான்சிஸ் முகர்ந்துவிட்டுச் சொன்னான். "என் வண்டிய இப்ப சுக்லால் ஓட்றான். ஜார்க்கண்டுக்காரன், குளிருக்குக் கடுகெண்ணெய்தான் தேச்சுக்குவான். சின்னப் பையன் மாதிரி இருப்பான், பொண்டாட்டிய நெனச்சுக்கினே இருப்பான்."

"அவங்க வூட்ல கார் இருக்கா?"

"சைக்கிள் இருக்கு."

அமலா பின்சீட்டிலிருந்து சால்வையை எடுத்து இருவருக்குமாகப் போர்த்தினாள். பிறகு குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவைத்தாள்.