மெற்றில்டா அக்காவின் மூச்சு

1

இந்தக் கதையை நான் உண்டாக்கவில்லை. அப்டன் பார்க் கிறீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது மெற்றில்டா அக்கா எனக்குச் சொன்னது. கழுத்திலுள்ள துளையைப் பெருவிரலால் பொத்தினால்தான் அவருக்குப் பேச்சு வரும். ஒரு மூச்சுக்குச் சில சொற்கள். அதனால் அவர் சொன்ன கதையில் வீண்சொல் கிடையாது. நீட்டி முழக்குவது நான்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மெற்றில்டாவின் குரலுக்கு செவன் கிங்ஸ் தமிழ்ச் சபையின் யன்னல்கள் அதிர்ந்து—’

அடித்துவிட்டேன். யன்னல் ஒன்றும் அதிரவில்லை. ஆனால் அவர் ஜெபிக்கத் தொடங்கினால் கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தும். அது உண்மை. பக்கத்து வீட்டுக் கோசிகா மட்டும் அவரைக் கண்டால் கதவைச் சாத்துவார். கோசிகா சைவக்காரி. முன்பெல்லாம் அந்த வீட்டில் யாருக்காவது தடிமன் பிடித்தாலும் மெற்றில்டா போய்த் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிப்பார். பிறகு ஒரு பிரசங்கமும் நடக்கும்.

பின்னர் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். பாஸ்டர் றூபன் ஆஸ்பத்திரிக்கு வந்து, “ஆண்டவர் உங்களைப் புடமிடுறார் அக்கா” என்றார். மெற்றில்டா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீடு திரும்பிய பிறகு சபைக்குப் போகவில்லை. மனதுக்குள்கூட ஜெபிக்கவில்லை. ‘என்னட்ட இருந்தது அது ஒண்டுதான். அதையும் எடுத்தாச்சு. இனி என்ன வேணும் உமக்கு?’ ஆண்டவரிடம் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

(இங்கே அவரை அழவைத்திருந்தேன். வாசித்துவிட்டு அக்கா தலையை ஆட்டினார். அழவேயில்லையாம். கோபத்தில் குசினி அலுமாரிகளை எல்லாம் தேய்த்துக் கழுவினாராம்.)

3

ஒருநாள் கோசிகாவே வந்து கதவைத் தட்டினார். கணவர் தியாகராஜாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, இனிச் செய்ய ஏதுமில்லை என்று டொக்டர்மார் கைவிட்டிருந்தார்கள்.

“அக்கா, ஒருக்கா வந்து அவரோட இருக்க ஏலுமோ? வாற சனம் எல்லாம் கதைச்சுக் கதைச்சே மனுசனைக் களைக்கப் பண்ணுது.”

பேசுவார் என்று சாத்திய கதவு, பேசமாட்டார் என்று திறந்தது. (இந்த வரியை எழுதிவிட்டு நான் பெருமைப்பட்டேன். மெற்றில்டாவுக்கோ அன்று அது நெஞ்சில் குத்தியது.) பேச உதவும் வால்வை அப்போது அவருக்குப் பொருத்தியிருக்கவில்லை. ஆனாலும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார்.

தியாகராஜா கண்ணைத் திறந்தார். “பயமாக் கிடக்கு, மெற்றில்டா. சொன்னால், ‘ஒண்டுமில்லை, சுகமாயிடும்’ எண்டு என்ர வாயை அடைக்கினம்.”

பழைய மெற்றில்டாவிடம் இதற்கு எத்தனையோ பதில்கள் இருந்திருக்கும். இப்போது அவரது கையைப் பற்றிக்கொள்ள மட்டுமே முடிந்தது.

“அது என்ன சத்தம்?”

துளை வழியே மூச்சு சீறுகிற சத்தம். பஸ்ஸில் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற சத்தம். மெற்றில்டா கூசிப்போய்க் கழுத்துச் சால்வையை இறுக்கினார்.

“மூடாதேங்கோ. கேக்கட்டும். ஆரோ பக்கத்தில இருக்கினம் எண்டு தெரியுது.”

மெற்றில்டா சால்வையை அவிழ்த்தார். மறைத்து மறைத்துத் திரிந்த அந்தக் காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது. அதைக் கேட்டபடியே தியாகராஜா உறங்கிப்போனார். அப்போது—

இந்த ‘அப்போது’வுக்குப் பின் எதை எழுதினாலும் பொய்யாயிற்று. ஒளி வந்தது என்று எழுதினேன். ஒளி வரவில்லை. அக்கா சொன்னது இவ்வளவுதான்:

“கட்டிலுக்கு அங்கால இன்னொராள் இருந்தவர், தம்பி. முந்தியும் இருந்திருப்பார். நான் கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்.”

(கடவுள் விஷயத்தில் நான் நிச்சயமில்லாதவன். ஆனாலும் கிறீன் ஸ்ட்ரீட் சந்தடிக்கு நடுவே, கையில் முருங்கைக்காயோடு, எனக்கு உடம்பு சிலிர்த்தது.)

4

குரல் திரும்பி வந்து, சபையே கைதட்டுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தியாகராஜா ஞானஸ்நானம் பெறுவதாக இன்னொன்று. இரண்டும் நடக்கவில்லை. அவர் நெற்றியில் திருநீற்றோடு, கோசிகா தேவாரம் பாட, ஒரு கையை மெற்றில்டாவிடம் கொடுத்தபடி இறந்தார். மெற்றில்டாவின் மூச்சு அந்தப் பாட்டுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் சபைக்குப் போனார். நடந்ததைக் கேள்விப்பட்ட பாஸ்டர் மகிழ்ந்துபோய், “பாத்தீங்களே, இதுக்குத்தான் ஆண்டவர் உங்கட குரலை எடுத்தவர்” என்றார்.

மெற்றில்டா பெருவிரலைக் கழுத்தில் வைத்தார். வால்வு வந்திருந்தது.

“எடுத்தவர் எண்டு சொல்லாதேங்கோ, பாஸ்டர்.” மூச்சு. “எடுபட்ட இடத்தில” – மூச்சு – “வந்து இருந்தவர்.”

றூபன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

5

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் அக்காவின் ஸ்கானில் ஏதோ நிழல் தெரிந்திருக்கிறது. “பயமில்லையோ அக்கா?” என்று கேட்டேன்.

“பயம்தான். வாறீரோ, பக்கத்தில இருக்க?”

இந்த வரிகளை ஆஸ்பத்திரி வாங்கில் அவரருகே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறுதலாக ஒரு வாக்கியம்— வேண்டாம். அவருடைய பெயரைக் கூப்பிடுகிறார்கள். இனி எழுத ஏலாது. வாசிப்பவரே, உங்களிடம் ஒரு முடிவு இருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை காலியாக இருப்பதுபோலத் தெரிகிறது. காலியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.