நான்காவது மாடி மார்மலேட்

நான்காவது மாடி வீட்டில் அடுப்பேற்றிய ஆரஞ்சு மார்மலேட் பதினோரு வருடம் உறையவில்லை. எட்டாவது வாரம் சிலிண்டர் தீர்ந்தது. அதற்குப் பிறகும் பாத்திரம் அது பாட்டுக்குக் கொதித்தது. வற்றவும் இல்லை, அடிபிடிக்கவும் இல்லை.

வீட்டுக்காரி பேருந்து நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்பவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் போட்ட முடிச்சை அவனாலேயே அவிழ்க்க முடியாது. அடுப்பேற்றிய அன்று காலை அவள் ஆரஞ்சுத் தோலை நூல் நூலாக நறுக்க, அவன் விதைகளையும் வெள்ளை நாரையும் மல் துணியில் மூட்டை கட்டினான். மார்மலேட் உறைவதே அந்த மூட்டையால்தான். கட்டி முடிக்கவும் தொலைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது. வெளியூரில் ஒரு லிஃப்ட் அந்தரத்தில் நிற்கிறதாம், மூன்று நாள் வேலை. "இது உறையறதுக்குள்ள வந்துடறேன்" என்றவன், மூட்டையை மறதியில் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். அவன் வெளியே கால் வைத்ததும் கட்டடத்து லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. நின்றது நின்றதுதான், ஏழு மெக்கானிக்குகள் வந்து கையை விரித்தார்கள்.

முதல் வருடம் அவனிடமிருந்து நான்கு கடிதம், அடுத்த வருடம் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. மைக்கில் அவள் வாய் திறந்தால் பயணிகளுக்கு ஆரஞ்சு வாசனை அடித்தது. மூன்றாவது வருடம் அவளுடைய அக்கா புது மூட்டையோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"ஏண்டி, ஊருல ஆரஞ்சுக்கா பஞ்சம்? இதைப் போடு, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்னுதான்க்கா போடலை. இது உறைஞ்சிட்டா அவர் சொன்ன கெடுவும் முடிஞ்சிடுமே."

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சொட்டைக் குளிர்ந்த சாஸரில் விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பாள். உறைகிற பதம் வந்தால் சுருக்கம் விழும். ஆனால் சொட்டு தண்ணீராகவே ஓடும். அவள் நிம்மதியாகக் கிளம்புவாள். பதினோராவது வருடம் ஒரு வியாழக்கிழமை காலை சுருக்கம் விழுந்தது.

அவள் கரண்டியைப் பிடித்து உறையவிடாமல் கிண்டினாள். கை ஓய்ந்தபோது, தகவல் கேட்டு ஓடிவந்த அக்கா கிண்டினாள். ஓரங்களில் ஆடை படர்ந்தது. ஒன்பதே காலுக்குக் கரண்டி தானாக நட்டுக்கொண்டு நின்றது. அப்போதுதான் பதினோரு வருடமாக அசையாத லிஃப்ட்டின் கம்பி வடம் முனகியது. லிஃப்ட் வாசல் விளக்கில் ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் கதவு திறந்தது.

உள்ளே கோட்டு மட்டும் நின்றிருந்தது. கருவிப் பை தொங்கித் தொங்கிச் சரிந்த அதே இடது தோளோடு, நிமிர்ந்து நின்றிருந்தது. அக்கா கோட்டின் இரண்டு கைகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"ஆளைக் காணோமேடி."

"பஸ் நின்னதும் எல்லாரும் ஒண்ணாவா இறங்குறாங்க? கோட்டு முதல்ல இறங்கியிருக்கு."

பைக்குள் மூட்டை இருந்தது, முடிச்சு பிரியாமல். அவள் முதலில் ஒரு கரண்டி மார்மலேட்டைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மூட்டையைப் பாத்திரத்தில் போட்டாள். இரண்டு நிமிடத்தில் முழுசாக உறைந்தது. பதினான்கு பாட்டில் தேறியது. கசப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள் அக்கா.

அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றதில்லை. காலை உணவுக்கு மேஜையில் கோட்டு அவளுக்கு எதிரே உட்காருகிறது. கைமடிப்பில் ரொட்டித் தூள் ஒட்டியிருக்கிறது. வணக்கம் சொன்னால் பதில் இல்லை என்பது மட்டும் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் குறை. பதினான்கு பாட்டில் கோட்டுக்கு. ஆளுக்கென்று எடுத்து வைத்த அந்த ஒரு கரண்டி, மறுபடி இளகி, தீயில்லாத அடுப்பில் இன்னும் கொதிக்கிறது. காலையில் அதிலிருந்து ஒரு சொட்டை சாஸரில் விட்டுத் தள்ளிப் பார்க்கிறாள். ஓடுகிறது. பையை எடுத்துக்கொண்டு, வருகிற வண்டிகளைச் சொல்லக் கிளம்புகிறாள்.