அடுத்த வீட்டுப் பெண்ணின் பணம்

சவுரிமுத்துவுக்கு உலகத்தில் பயம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவன் காசு. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால், தாம்பரத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தும் மனுஷனுக்கு உறுத்தும். அதனால்தான் சிநேகிதன் சின்னப்பன் சாகக் கிடந்தபோது, மகள் காந்திமதி பேரில் ஒரு டிரஸ்ட் எழுதி, இவரை டிரஸ்டியாகப் போட்டான். பெண் மேஜராகும்வரை பணம் இவர் பொறுப்பு.

வக்கீல் அரிகிருஷ்ணன் அன்றைக்கே எச்சரித்தார். "புத்தியுள்ளவன் தன் சொத்தை எப்படிப் பாத்துப்பானோ, அப்படிப் பாத்துக்கணும் சார். எங்க போடலாம்னும் சட்டமே சொல்லுது. சர்க்கார் பத்திரத்துல போடுங்க. கண்ட இடத்துல போட்டு நட்டமாச்சுன்னா, உங்க கையிலருந்து கட்டணும்."

அப்படியே செய்தார்.

தொண்ணூற்றாறில் தாம்பரத்தில் தடுக்கி விழுந்தால் பைனான்ஸ் கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஜில்லென்று ஏ.சி., முப்பது சதவீத வட்டி! பத்திரத்தில் அதில் பாதிகூட வராது. சவுரிமுத்து காந்திமதி பணத்தைத் தொடவில்லை. ஆனால் ரயில்வேயில் ரிடையராகி வந்த தன் பணத்தை, மகள் ரத்தினபாய் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததை, மொத்தமாக ஒரு கம்பெனியில் கொண்டுபோய்க் கொட்டினார். ஆசை யாரை விட்டது!

ஊர் வாய் சும்மா இருக்குமா? சின்னப்பன் பெண்டாட்டி செல்லம்மா காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே மடக்கினாள்.

"இன்னாண்ணா நியாயம் இது? உன் பொண்ணுக்குப் பிரியாணி, அப்பன் இல்லாத எம்பொண்ணுக்குக் கஞ்சியா?"

"சட்டம் ஒத்துக்காது செல்லம்மா."

"உனக்கு மட்டும் ஒத்துக்கிச்சாக்கும்!"

கூட்டம் சிரித்தது. சவுரிமுத்துவுக்கு மானமே போயிற்று. மறுநாள் பத்திரத்தை விற்றுக் கம்பெனியிலேயே போட்டுத் தொலைப்போம் என்று பையில் எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். ரயிலடி வரைக்கும் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். முழுகிப்போனால் சின்னப்பனுக்கு என்ன பதில் சொல்வது? திரும்பிவிட்டார். அதோடு செல்லம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள். எதிரே வந்தால் காந்திமதியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த வருஷம், ரத்தினபாய்க்குக் கல்யாணத் தேதி குறித்த பிறகு, கம்பெனி கதவில் பூட்டுத் தொங்கியது. முதலாளி ஓடிவிட்டான். போட்டவர்கள் எல்லாம் தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள்.

செல்லம்மா ஓடிவந்து சவுரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தெரியாம பேசிட்டேண்ணா. எம்பொண்ணைக் காப்பாத்திட்டே. தெய்வம் நீ."

அந்த நாசமான வேளையிலும் அவருக்கு மனசுக்குள் லேசாகக் குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

அவள் போனபிறகு மனைவி தனம் சமையல்கட்டிலிருந்து வந்தாள். அழவில்லை.

"அவ பொண்ணு காசை ஏங்க அங்க போடல?"

"முழுகிட்டா இன்னா பண்றதுன்னுதான்."

"அப்ப, முழுகும்னு உங்களுக்குத் தோணியிருக்குது."

சவுரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "நான் போட்டது என் பணந்தானே தனம்."

"உங்க பணமா?" தனம் உள்ளறையைக் காட்டினாள். அங்கே ரத்தினபாய் கல்யாணப் புடவையை மறுபடி பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "அது அவ பணம்யா. அவளுக்கு யாரு டிரஸ்டி?"