ரூபினி கொடுத்த நாவல்

பினாங்குத் தீவின் பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு சேலைக் கடையின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாசகர்கள் சிலர் கூடுவார்கள். தங்களுக்குப் பிடித்த நாவலைப் பற்றிப் பேசி, மற்றவர்களையும் படிக்கச் சொல்வார்கள். கூட்டத்தை நடத்துபவள் ரூபினி. அன்று அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான் குணாளன். அவன் நாவல் படிப்பவனல்ல. கூட்டத்துக்கு வரும் ஷர்மினியின் கணவன். ஷர்மினி வீட்டை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவன் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் ரூபினி வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவனைப் பிரிந்து தனியே வாழப் போகும் ஒருத்தியின் கதை அது. போன கூட்டத்தில் அதைப் புகழ்ந்து பேசி, ஷர்மினியின் கையில் கொடுத்தவளே ரூபினிதான்.

"இத குடுத்தது யாரு அக்கா?" குணாளனின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான்."

"நல்ல கத லா. என் வீட்டுலயே நடந்துருச்சு. இப்ப அவ எங்க இருக்கானு சொல்லுங்க, நான் போயிர்றேன்."

ஷர்மினி கடல் பாலத்துக்கு அப்பால், பத்து காவான் என்ற ஊரில் தன் அக்காள் வீட்டில் இருந்தாள். இன்று கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லி, காலையிலேயே கிராப் வாடகைக் காரில் கிளம்பியிருந்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ரூபினி.

மேசையில் வைத்த ரூபினியின் போன் ஷர்மினியின் பெயரோடு ஒளிர்ந்தது. சட்டென்று அதை உள்ளங்கையால் மூடினாள். குணாளனின் பார்வை அந்தக் கையிலேயே நின்றது.

அதற்குள் மற்ற வாசகர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி யசோதரன் இதைக் கவனித்துவிட்டார். "தம்பி, மொத தடவ வந்திருக்கீங்க. எனக்குப் பிடிச்ச நாவலயும் கொஞ்சம் கேளுங்க," என்று அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கதாநாயகனின் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார். தேத்தண்ணி கலக்குவதாகச் சொல்லி ரூபினி வெளியே நழுவினாள்.

ஷர்மினி பாதிப் படி ஏறியிருந்தாள்.

"உள்ள அவரு இருக்காரு. திரும்பிப் போயிரு," என்று ரூபினி கிசுகிசுத்தாள். "எல்லாம் என்னாலதான். அந்தப் புத்தகத்த நான் குடுத்திருக்கவே கூடாது."

ஷர்மினி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "அதுல நான் பத்துப் பக்கம்கூடப் படிக்கலக்கா. அவரு என் கைய முறுக்கினாரு. இது ரெண்டாவது தடவ. அதான் கெளம்பிட்டேன்."

மேலே நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. யசோதரனின் பேச்சு பாதியில் நின்றது. வாசலில் குணாளன்.

"வீட்டுக்கு வா. அங்க பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க," என்றாள் ஷர்மினி. அவள் நின்ற படியிலிருந்து நகரவில்லை. "நான் ஏன் போனேன்னு இவங்க முன்னால சொல்லுங்க."

அவன் ஒரு படி இறங்கினான். ரூபினி குறுக்கே நின்றாள். அவனுக்குப் பின்னால் கூட்டம் முழுவதும் எழுந்து வந்து வாசலை அடைத்து நின்றது. குணாளன் திரும்பி அவர்களைப் பார்த்தான். புத்தகத்தை ரூபினியின் கையில் திணித்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்ற மனைவியைக் கடந்து இறங்கிப் போனான்.

அன்று கூட்டம் அதோடு முடிந்தது. யசோதரன் தம் காரிலேயே ஷர்மினியைப் பத்து காவானுக்குக் கொண்டுபோய் விட்டார். கூடப் போன ரூபினி, பாலம் முடியும்வரை பின்னால் வரும் வண்டிகளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ரூபினி வேலைக்கு லீவு போட்டாள். ஷர்மினி போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து முடிக்கும்வரை, பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.