மேலிருந்து வரும் பேச்சு

எங்கள் துணி குடோனில் நாலாவது மாடிக் கதவுக்கு வெளியே தரை கிடையாது. திறந்தால் நேராக ஆகாயம், குனிந்தால் முற்றம். கதவுக்கு மேலே சுவரிலிருந்து ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சரக்குத் தூக்கும் வின்ச், வின்ச்சில் கம்பி ரோப், ரோப்பின் நுனியில் கொக்கி. பேல் என்பது இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய துணிப் பொதி, ஒன்று இருநூறு கிலோ. அது ஆளின் தலையில் விழுந்தால் டாக்டருக்கு வேலையே இருக்காது.

முற்றத்தில் பேல் இறங்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோட்டுக் கட்டம் ஒன்று உண்டு. சரக்கு தொங்கும்போது அதற்குள் யாரும் நிற்கக்கூடாது என்பது சட்டம். வின்ச்சின் சுவிட்ச் இருக்கும் தூணோ அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருந்தது. கட்டிடம் கட்டியவர் என் மாமனாரின் அப்பா. பத்தடி ஒயர் மிச்சம் பிடித்த புண்ணியவான்.

அந்த சுவிட்சில் பெரியவன் நிற்பான். மேலே கதவில் பிரேக் பிடித்துக்கொண்டு அவன் தம்பி சின்னவன். பெரியவனுக்கு நாற்பது வயது, சின்னவனுக்கு இரண்டு மூன்று குறைவு. இரண்டு பேருக்கும் பெயர் இருந்தது. எங்கள் வாயில் நுழையாததால் பெரியவன், சின்னவன் என்றே ஆகிவிட்டது. அவர்கள் பாஷையும் அப்படித்தான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும் என்பதால் கடைத்தெருவே அதை 'குடுகுடு' என்றது. மொத்தமே முப்பது வீட்டில்தான் பேசுகிறார்கள் என்று பெரியவன் ஒருமுறை சொன்னான். அந்த முப்பது வீட்டிலும் பிள்ளைகள் எங்கள் பாஷையில்தான் சண்டை போடுகிறார்களாம்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு பேரும் குடுகுடுவென்று பேசிக்கொண்டே இருப்பார்கள். கீழிருந்து இவன் ஏதோ கேட்பான், மேலிருந்து அவன் திட்டுவான், இவன் திருப்பித் திட்டுவான், பேல் ஏறும். பாதியில் சின்னவன் ஒரு வார்த்தை சொன்னால் பெரியவன் கட்டத்தை விட்டு வெளியே வந்து பீடி பற்றவைப்பான். இன்னொரு வார்த்தைக்கு மறுபடி உள்ளே போய் சுவிட்சைத் தொடுவான். பூனை அடுப்படிக்குள் போய் வருகிற மாதிரி. நான் அதைப் பார்த்தது உண்டு, கவனித்தது இல்லை. வியாபாரிக்கு வாங்க வந்தவன் முகம் ஒன்றுதான் தெரியும்.

அன்று வந்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பதினெட்டு பேல் கேட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் இழுத்து, "சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்" என்கிற இடத்துக்கு அவனைக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேலிருந்து சின்னவன் ஏதோ சொல்ல, பெரியவன் பதிலுக்கு ஒன்று சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வந்தவன் எழுந்தான். "உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச விலை எனக்குத் தெரியல போலிருக்கு. வரேங்க." போயே விட்டான்.

பெரியவனைக் கூப்பிட்டேன். "என்னடா சொன்னீங்க?"

"ரோப்பைப் பத்திங்க."

"ரோப்புல என்னடா சிரிப்பு?"

"ரொம்பப் பழசாயிடுச்சு, உள்ளுக்குள்ள இழை இழையா விடுதுன்னு தம்பி சொன்னான். நம்ம முதலாளி செருப்பை விடவா பழசுன்னு நான் கேட்டேங்க." சொல்லும்போதே அவனுக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

இந்த இடத்தில்தான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் 'பழசாயிடுச்சு' என்று ஒருவன் சொன்னால் புதுசு கேட்கிறான் என்று அர்த்தம். 'தாங்காது' என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேள் என்று அர்த்தம். தவழும் வயதிலிருந்து பேரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு எல்லாமே முதல் விலைதான். ஆகா, புது ரோப்புக்கு அடி போடுகிறான், அதுவும் என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டு, என்று நினைத்தேன். ரோப்பை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மாமனாரிடம் போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கேளுங்க மாப்ளே. எங்கேயோ ஒரு பாஷையைப் பேசின கடைசி ஆள் போயிட்டாராம். அரைப் பக்கம் அழுதிருக்கான்."

"போனா என்ன மாமா?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். எதிர்ப்பேச்சு பேச ஆளே இல்லாம நிம்மதியா வாழ்ந்திருக்கார் மனுஷன். எனக்கு உங்க அத்தை வாய்ச்சிருக்கா."

உள்ளேயிருந்து அத்தை, "நான் போனதுக்கு அப்புறம் தெரியும் உங்க நிம்மதி" என்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா பேப்பரை மடித்தார். "நம்ம முற்றத்துல நமக்குப் புரியாத பேச்சு எதுக்கு? எல்லாருக்கும் பொதுவா ஒரு பாஷை இருக்கு, அதைப் பேசட்டும். ரெண்டு பாஷைக்கு ரெண்டு தராசா வச்சிருக்கோம்?"

நாங்கள் வாங்க வந்தவன் எதிரிலேயே கண்ணைச் சிமிட்டி, மூக்கைச் சொறிந்து விலை கூட்டுவோம். அது தொழில். அவர்கள் தாய்ப்பாஷையில் பேசினால் அது சதி. அப்போது எனக்கு இதில் ஒரு கோணலும் தெரியவில்லை. மறுநாள் தூணில் அட்டை மாட்டினேன்: வேலை நேரத்தில் பொதுப் பாஷை மட்டும்.

முற்றம் அமைதியாயிற்று. முதல் இரண்டு நாள் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கீழிருந்து "தூக்கவா?" என்று பெரியவன் குரல் கொடுப்பான். மேலிருந்து "சரிங்க" என்று வரும். தம்பி அண்ணனை 'ங்க' போட்டு அழைத்து அன்றுதான் கேட்டேன். சின்னவனுக்கு எங்கள் பாஷையில் தூக்கு, இறக்கு, சரிங்க, இந்த மூன்றும்தான் தெரியும். நாங்கள் அவனிடம் பேசியதும் அவ்வளவுதானே.

பத்தாம் நாள் பெரியவன் என் முன்னால் வந்து நின்றான். "தம்பிகிட்டப் பேசாம அந்தத் தூண்கிட்ட என்னால நிக்க முடியாதுங்க."

"பேசு. யார் வேண்டாம்னா? எங்க பாஷையில பேசு."

"அதுல அவனால என்னைத் திட்ட முடியாதுங்க."

"திட்டு வாங்காம உனக்கு வேலை ஓடாதா?"

அவன் சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளையிடம் போன் நம்பரைக் கொடுத்தான், போய்விட்டான். கூலி கூட்டிக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லிப் பார்க்கவும் இல்லை. பேரம் பேசாமல் எழுந்து போகிறவனைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மகள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் சின்னவன் மட்டும் தங்கிவிட்டான்.

சுவிட்சுக்குப் புது ஆள் போட்டோம். ஆறு நாள் நின்றான். ஏழாம் நாள் சட்டையை உதறிக்கொண்டு வந்தான்.

"எனக்கு வேற வேலை குடுங்க சார்."

"ஏன்? கனமா? சுவிட்ச் அமுக்கற வேலைதானே?"

"மேல இருக்கிறவன் என்னையே பார்க்கறான் சார். வாயைத் திறக்கறான், மூடறான். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். செத்த வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு."

"பொம்பளையைப் பார்க்கற மாதிரியா பார்க்கறான்?" என்றார் கணக்குப்பிள்ளை.

"நீங்க வந்து ஒரு நாள் நில்லுங்க. அப்புறம் ஜோக் அடிங்க."

கணக்குப்பிள்ளை நிற்கவில்லை. அடுத்த ஆள் கிடைக்கும்வரை நானே நின்றேன். அவன் சொன்னது உண்மை. நாலாவது மாடிக் கதவிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு தலை. வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகபாவம் தெரியாது. கண்ணிமை அசைவில் விலை படிக்கிறவன் நான். எனக்கு அங்கே படிக்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் தோளில் ஏதோ விழுந்தது. துருத் தூள். அண்ணாந்து கேட்டேன்.

"ரோப் நல்லா இருக்கா?"

"சரிங்க."

"கெட்டுப்போச்சா?"

மறுபடி அதே, "சரிங்க."

அன்று ராத்திரி மாமாவிடம் புது ரோப்பைப் பற்றி எடுத்தேன். "அவன் கேட்டானா?" என்றார். "இல்லை மாமா, அவன் ஒண்ணுமே சொல்லல." "சொல்லாதவனுக்கு நீங்க ஏன் மாப்ளே வக்கீல்?" என்றார். எங்கள் வீட்டு வாதம்தான் அது. நானே பத்துப் பேரிடம் சொன்னது.

நாலு நாள் கழித்து, பகல் பதினொரு மணி. ஒற்றை பேல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது மேலே ஓட்டில் கல் விழுந்தாற்போல் 'டக்' என்று ரோப்பின் இழை அறுகிற சத்தம். பேல் ஒரு சாண் இறங்கி, ஆடி, நின்றது. வின்ச் தானாக ஓய்ந்துவிட்டது, பேலைத் தாங்கியது சின்னவன் பிடித்திருந்த பிரேக் மட்டும். பயத்தில் நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. கை எடுத்தால் அது விழும் என்று எனக்குள் யார் சொன்னார்களோ தெரியாது.

அப்போது சின்னவன் கத்தினான். குடுகுடுவில். ஒன்றரை மாதம் கழித்து முற்றத்தில் அந்தப் பாஷை.

"தூக்கவா?" என்றேன்.

அவன் கத்தினான்.

"இறக்கவா?"

அதையேதான் கத்தினான். குட்டையாக மூன்று சத்தம், நீளமாக ஒன்று. இரண்டு கையும் பிரேக்கில் இருந்ததால் சாடை காட்ட வழியில்லை. அவன் தோள் நடுங்குவது கீழேயே தெரிந்தது. இன்னொரு 'டக்'. கணக்குப்பிள்ளை வராந்தாவில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "தூக்கச் சொல்றான்! இல்ல, இறக்கச் சொல்றான்!" என்றார். இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டது. பச்சைப் பொத்தான் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். தப்பானதை அமுக்கினால் பிரேக்கோடு சேர்ந்து அவனும் கதவுக்கு வெளியே வருவான் என்று நினைத்தேன்.

"பெரியவனுக்குப் போன் போடுங்க!" என்று அலறினேன்.

கணக்குப்பிள்ளை போட்டார். மணி அடித்தது, அடித்தது. எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டு, போனை மேலே பார்த்து நீட்டினார். அவர் கோட்டுக்கு வெளியேதான் நின்றார். புத்திசாலி. சின்னவன் மறுபடி கத்தினான்.

"கேட்டுதா? என்ன சொல்றான்? தூக்கவா, இறக்கவா? சீக்கிரம் சொல்லுப்பா!"

போனில் பெரியவன் திருப்பிக் கேட்டான்: "நீங்க எங்கங்க நிக்கிறீங்க?"

"சுவிட்ச்கிட்ட!"

"கட்டத்துக்குள்ளயா?"

"வேற எங்கப்பா நிப்பேன்?"

"பேலைப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லலைங்க. உங்களைத்தான் தள்ளிப் போகச் சொல்றான். பிடிக்க முடியல, போ, போன்னு கத்தறான். போங்க!"

நான் குதித்தேன் என்று சொல்ல ஆசை. முதலில் அண்ணாந்து பார்த்தேன். மனுஷப் பிறவி அப்படித்தான். கணக்குப்பிள்ளை உள்ளே பாய்ந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார், நான் கோட்டுக்கு வெளியே மல்லாந்து விழுந்தேன். சின்னவன் அதைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் கையை விட்டான். தூண், சுவிட்ச், நான் மாட்டிய அட்டை, மூன்றும் பேலுக்கு அடியில் போயின.

பிரேக் கைப்பிடி திருப்பி அடித்ததில் சின்னவனின் வலது முன்னங்கை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. புது ரோப் வந்தது, சுவிட்சும் கட்டத்துக்கு வெளியே போயிற்று. பெரியவனை நானே நேரில் போய்க் கூப்பிட்டேன். எங்கோ லாரி ஆபீசில் வாசல் காவல். பேரம் பேச எல்லாத் தயாரிப்போடும் போயிருந்தேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான், தம்பியின் கையை விசாரித்தான், வர முடியாது என்றான்.

"நாங்க இனிமே அதைப் பேச வேண்டாம்னு சொல்ல மாட்டோம்ப்பா."

"நல்லதுங்க. பேசச் சொல்லுங்க. ஆனா அவன் யார்கிட்டங்க பேசுவான்?"

கட்டு அவிழ்த்து சின்னவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். இப்போது மேலிருந்து நாள் முழுக்கப் பேச்சு வருகிறது. மாமாகூடத் தடுப்பதில்லை. அவன் மகளைக் கூட்டிவந்து கேட்டுப் பார்த்தேன். எட்டு வயசு. "அப்பா வீட்டுலயும் இப்படித்தான். எனக்குப் புரியாது அங்கிள்" என்றாள்.

சில நேரம் அவன் குரல் பாடுகிற மாதிரி இருக்கும், சில நேரம் திட்டுகிற மாதிரி. ரோப்பைப் பற்றியா, மழையைப் பற்றியா, என் செருப்பைப் பற்றியா, தெரியாது. சத்தம் கொஞ்சம் உயர்ந்தால் போதும், முற்றத்தில் அத்தனை பேரும் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்குகிறோம். அண்ணாந்து பார்த்தபடி, அவன் முடிக்கும்வரை நிற்கிறோம்.